அப்லேஷன் முடிந்து ஊர் திரும்பிய பின்: எந்த ஆபத்து எப்போது வரும்?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்கு, குழாய் விட்டு இதயத் திசுவைத் தழும்பாக்கும் கதீட்டர் அப்லேஷன் செய்துகொள்ளப் போகிறவருக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இதுதான்: தொடை வழியாகக் குழாய் விடுவோம், நெஞ்சைத் திறக்க மாட்டோம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். மூன்றும் உண்மை. ஆனால் ஆபத்து அந்த இரண்டு நாளோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 2010 முதல் 2015 வரை இந்தச் சிகிச்சை பெற்ற 60,000-க்கும் அதிகமானோரின் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. சிகிச்சைக்காகச் சேர்ந்தபோதோ, 30 நாளுக்குள் மறுபடி சேர்ந்தபோதோ இறந்தவர்கள் 0.46 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நல்லபடியாக வீட்டுக்குப் போய், பிறகு மறுபடி சேர்க்கப்பட்டு இறந்தவர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. இங்கிருந்து இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பெங்களூரு, சேலம், வேலூர், கோவை, சென்னை என்று போகிறார்கள். செய்துகொண்டு திரும்புவது அரூருக்கும் பென்னாகரத்துக்கும் ஊத்தங்கரைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும். மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தால், குழாய் விட்ட டாக்டரிடம் யாரும் போவதில்லை. தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வார்கள். அந்தக் காய்ச்சல் வெறும் காய்ச்சலாக இல்லாமலும் இருக்கலாம் என்பது நோயாளிக்கும் வீட்டாருக்கும் அந்தக் கிளினிக் டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 300 தடவைக்கும் மேலாகத் துடிதுடிப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (சுருக்கமாக ஏ.எஃப்.). இதைக் கிளப்பிவிடும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாய்ப்பகுதியில் இருக்கின்றன என்பதை பிரான்ஸின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் 1998-இல் காட்டினார்கள். பொதுவாக அப்படி நான்கு சிரைகள். ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் வளையமாகத் திசுவைத் தழும்பாக்கிவிட்டால், சிரைக்குள் கிளம்பும் மின்சாரம் மேலறைக்குள் வர முடியாது. அப்லேஷனின் அடிப்படை இவ்வளவுதான்.

அங்கே போய்ச் சேரும் வழி நீளமானது. தொடை இடுக்கில் உள்ள பெரிய சிரையில் ஊசி குத்தி, இரண்டு மூன்று உறைக்குழாய்களைச் செருகி, அடிவயிற்றின் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குப் போகிறார்கள். வேலை இருப்பது இடது பக்கம். ஆகவே இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வைக் குத்தித் தாண்ட வேண்டும். இடது பக்கம் ரத்தம் உறைந்தால் நேராக மூளைக்குப் போகும் என்பதால் ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி. என்ற உறைநேர அளவு 300 விநாடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு ரேடியோ அலையால் சுடலாம், குளிர்பலூனால் உறைய வைக்கலாம், அல்லது புதிதாக வந்துள்ள பல்ஸ்டு ஃபீல்டு முறையில் மின்துடிப்பால் செல்களைக் கொல்லலாம்.

இடது மேலறையின் சுவர் பல இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். முழுத் தடிமனுக்கும் சுடாவிட்டால் நோய் திரும்பும். கொஞ்சம் கூடினால் சுவர் ஓட்டையாகும், அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது வேகும். பின்னால் உணவுக்குழாய், வலப்பக்கம் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த அண்டை வீட்டாரால் வருவதுதான்.

மொத்தக் கணக்கு

சீராகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட 89 சோதனைகளில் பங்கேற்ற 15,701 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நூறு பேரில் நாலரைப் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. கடுமையான சிக்கல் 2.44 சதவீதம். தொடையில் ரத்தக்குழாய்ப் பிரச்சினை 1.31, இதய உறைக்குள் நீரோ ரத்தமோ சேர்வது 0.78, பக்கவாதமோ தற்காலிக பக்கவாதமோ 0.17, மரணம் 0.06. கடைசி ஐந்தாண்டுச் சோதனைகளில் மொத்தச் சிக்கல் 3.77 சதவீதமாக இறங்கியிருந்தது.

சோதனைகளில் சேர்க்கப்படுகிறவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், செய்கிறவர்களும் கைதேர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் நடந்த 93,000-க்கும் மேற்பட்ட அப்லேஷன்களைப் பார்த்த இன்னொரு ஆய்வில் சிக்கல் 6.29 சதவீதம். அந்த அப்லேஷன்களில் ஐந்தில் நான்கு பங்கு, வருடத்துக்கு 25-க்கும் குறைவாகச் செய்யும் டாக்டர்கள் செய்தவை. குறைவாகச் செய்யும் கைகளிலும், வருடத்துக்கு 50-க்கும் குறைவாக நடக்கும் மருத்துவமனைகளிலும் சிக்கல் கூடுதலாக இருந்தது. எனவே "டாக்டர் நல்லவரா, மருத்துவமனை பெரிசா" என்று விசாரிப்பதைவிட, "வருஷத்துக்கு இந்த ஏ.எஃப். அப்லேஷன் எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்பது பயனுள்ளது. ஆஞ்சியோ ஆயிரம் செய்தவர் என்பது இதற்குப் பதிலாகாது. அது வேறு கைவேலை.

மேசையில் படுத்திருக்கும்போது

சிகிச்சை நடக்கும் கேத் லேபிற்குள் டாக்டர்கள் மிகவும் அஞ்சுவது டாம்போனேட், அதாவது இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்து இதயத்தை நெருக்குவது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் சாதாரணமாக 15 முதல் 50 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். அந்த உறை சட்டென்று விரியாது. சவ்வைக் குத்தும் ஊசி திசை தவறினாலோ, கதீட்டர் நுனி மேலறையின் மெல்லிய மூலையை அழுத்திக் கிழித்தாலோ, திசுவுக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி வெடித்தாலோ ரத்தம் உறைக்குள் கசியும். ஹெப்பாரின் ஓடிக்கொண்டிருப்பதால் அது தானாக நிற்பதில்லை. வேகமாகச் சேர்ந்தால் 150, 200 மில்லியே போதும், இதயம் நிரம்ப இடமில்லாமல் போய்விடும். முதலில் ரத்த அழுத்தம் சரியும். எக்ஸ்ரே திரையில் இதய நிழலின் ஓரம் அசைவது குறையும். இதயத்துக்குள்ளேயே வைக்கும் எக்கோ கருவி இருந்தால் இன்னும் முன்னதாகத் தெரிந்துவிடும்.

அடுத்து செய்ய வேண்டியது நிமிடக் கணக்கில் நடக்கும். புரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறிப்பார்கள். மார்பெலும்பின் கீழ் நுனி ஓரமாக ஊசி விட்டு ரத்தத்தை உறிஞ்சி, வளைந்த நுனிக் குழாய் ஒன்றை அங்கேயே விட்டுவைப்பார்கள். பெரும்பாலோருக்கு இதிலேயே நின்றுவிடும். நிற்காத சிலருக்கு நெஞ்சைத் திறந்து தைக்க வேண்டும். அதனால்தான் அதே கட்டடத்தில் இதய அறுவைக் குழு இருக்கிறதா என்ற கேள்வி முக்கியம். "தேவைப்பட்டால் வேறு மருத்துவமனைக்கு அனுப்புவோம்" என்ற பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பதே சரி.

அரிதாக இதே கசிவு தாமதமாக, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு மெதுவாகச் சேரும். ஊருக்கு வந்தவருக்கு மூச்சு வாங்குகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பி.பி. குறைவு என்றால் முதலில் எக்கோ பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்புவது நேரத்தை வீணாக்கும்.

பக்கவாதம் இரண்டு வழிகளில் வரலாம். சுட்ட இடத்திலோ உறைக்குழாய்க்குள்ளோ ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகலாம். அல்லது மேலறையின் காதுபோன்ற பையில் முன்பே இருந்த கட்டி கதீட்டர் பட்டுக் கிளம்பலாம். இரண்டாவதைத் தடுக்கத்தான் முந்தைய நாளோ அன்றோ வாய்வழி எக்கோ அல்லது சி.டி. எடுக்கிறார்கள். அந்தக் குழாயை விழுங்கச் சங்கடப்பட்டு "வேண்டாமே" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. கெஞ்சக் கூடாத இடம் அது. முதல் வழியை அடைக்க, உறைவெதிர்ப்பு மாத்திரையை நிறுத்தாமலே சிகிச்சை செய்வது இப்போது வழக்கம். வார்ஃபரினை நிறுத்திவிட்டு இடைக்கால ஊசிக்கு மாறியவர்களுக்குத்தான் பக்கவாதம் அதிகம் என்று 2014-இல் வெளியான சோதனை காட்டியது. ஊரில் யாராவது "ஆபரேஷனுக்கு அஞ்சு நாள் முன்னாடி பிளட் தின்னரை நிறுத்திடுங்க" என்று பழக்கத்தில் சொன்னால் கேட்க வேண்டாம். எதை எப்போது நிறுத்துவது என்பதை அப்லேஷன் செய்யும் குழு மட்டும் சொல்ல வேண்டும்.

காற்றுக்குமிழ் இன்னொரு சங்கதி. உறைக்குழாயிலிருந்து கதீட்டரை வேகமாக இழுத்தால் காற்று உள்ளே போகும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால், மேல்நோக்கி இருக்கும் வலது இதயத் தமனியின் வாய்க்குள்தான் அது ஏறும். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு போலவே தெரியும். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகும். மெதுவாக இழுப்பதும், தொடர்ந்து உப்புநீரால் கழுவுவதும்தான் தடுப்பு.

குளிர்பலூன் முறையில் வலது உதரவிதான நரம்பு அடிபடலாம். இதைத் தடுக்கச் செய்வது எளிய ஏற்பாடு. நரம்பை மேலே ஓர் இடத்தில் மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே உறைய வைப்பார்கள். ஒருவர் நோயாளியின் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு தூண்டலுக்கும் உதரவிதானம் விக்கல் போலக் கையைத் தள்ளும். அந்தத் தள்ளல் லேசாகத் தளர்ந்தாலே கை வைத்திருப்பவர் குரல் கொடுப்பார், உடனே உறைதலை நிறுத்துவார்கள். தப்பி அடிபட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களில், அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் நரம்பு தேறிவிடும். அதுவரை மாடிப்படி ஏறினால், குனிந்தால் மூச்சு வாங்கும்.

தொடையும் பயணமும்

எண்ணிக்கையில் அதிகமான சிக்கல் தொடையில்தான். சிரைக்குப் பக்கத்திலேயே தமனி ஓடுகிறது. ஊசி அதைத் தொட்டுவிட்டால் தமனிச் சுவரில் பை போல வீங்கலாம், அல்லது தமனிக்கும் சிரைக்கும் நடுவே வழி உண்டாகலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே குத்தினால் இது கணிசமாகக் குறையும். இதையும் முன்கூட்டியே கேட்கலாம்.

தொடையில் கருநீலமாகக் கன்றி, பத்துப் பதினைந்து நாளில் பச்சை, மஞ்சள் என்று மாறி முழங்கால் வரை இறங்குவது பயப்படும்படியாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை. கையில் தட்டுப்படும் கட்டி நாளுக்கு நாள் பெரிதாவது, தொட்டால் நாடி போலத் துடிப்பது, கால் குளிர்ந்து மரத்துப்போவது ஆகியவற்றுக்கு அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் தேவை. இதில் ஏமாற்றும் ஒன்று உண்டு: அடிவயிற்றுக்குப் பின்னால் ரத்தம் கசிவது. வெளியே வீக்கமே தெரியாது. முதுகிலோ விலாவிலோ வலி, வியர்வை, பி.பி. இறக்கம் மட்டும் இருக்கும். சிகிச்சையான முதல் ஓரிரு நாளில் வரும் புதிய முதுகுவலியை "மேசையில் ரொம்ப நேரம் படுத்திருந்ததால்" என்று தள்ளிவிடக் கூடாது.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரி 130-க்கும் மேல். ஓசூர் நெரிசலைத் தாண்டி, அதற்கப்புறம் ஊர் உள்ளே போவதானால் நான்கு மணி நேரம் உட்கார்ந்த நிலையிலேயே போகும். இடுப்பை மடக்கி உட்கார்ந்திருப்பது காயத்துக்கு நல்லதல்ல, ரத்தம் கால்களில் தேங்குவதும் நல்லதல்ல. பஸ்ஸைத் தவிர்த்து, இருக்கையைச் சாய்த்துக்கொள்ளும் காரில் வருவதும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நாலடி நடப்பதும் செய்ய வேண்டியவை. வழியில் கசிய ஆரம்பித்தால், வண்டியை ஓரங்கட்டி, ஆளைப் பின்சீட்டில் மட்டமாகப் படுக்க வைத்து, குத்திய இடத்தில் இரண்டு மூன்று விரலால் கெட்டியாக அழுத்த வேண்டும். பத்து முதல் பதினைந்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். அப்படியும் நிற்கவில்லை என்றால் அழுத்தியபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் ஒரு வாரத்துக்குக் குந்தி உட்காரும் கழிப்பறை, தண்ணீர்க் குடம், கிக்கர் அடித்துக் கிளப்பும் வண்டி மூன்றும் வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீட்டில் நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி போதும். மாங்காய்க் காலத்தில் சிகிச்சை முடிந்து வருகிறவர் நாலாம் நாளே தோட்டத்தில் கூடை தூக்கப் போவது இந்தப் பக்கத்து இயல்பு. கூடை கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் கூடாது.

மூன்றாவது வாரக் காய்ச்சல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது, நடுவே இருப்பது சில மில்லிமீட்டர். பின்சுவரைச் சுடும்போது வெப்பம் அதற்குள் இறங்கினால் அங்கே புண் உண்டாகும். பெரும்பாலான புண்கள் தானாக ஆறிவிடும். ஆறாத ஒன்று நாளாக நாளாக அரித்து, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே துளையாகிவிடும். ஏட்ரியோ ஈசோஃபேஜியல் ஃபிஸ்துலா என்பது இதுதான். உணவுக்குழாயில் உள்ள காற்றும் கிருமிகளும் நேராக இதயத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து மூளைக்குப் போகும்.

எவ்வளவு அரிது? 5,53,729 சிகிச்சைகளைத் தொகுத்து 2023-இல் வெளியான பாட்டர் ஏ.எஃப். ஆய்வில் 138 பேருக்கு வந்திருந்தது. நாலாயிரத்தில் ஒருவர். ரேடியோ அலை முறையில் 0.038 சதவீதம், குளிர்பலூனில் 0.0015 சதவீதம். வந்தவர்களில் மூன்றில் இருவர் இறந்தார்கள். அறுவைச் சிகிச்சையோ உணவுக்குழாய் வழியான சிகிச்சையோ இல்லாமல் மருந்தால் மட்டும் பார்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். அறுவைச் சிகிச்சை கிடைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைத்தார்கள். அறிகுறி தொடங்கியது சராசரியாக 18-ஆம் நாள், சிலருக்கு இரண்டு மாதம் வரை கழித்து.

பதினெட்டாம் நாள் ஆள் வீட்டில் இருப்பார். காயம் ஆறி, வெளியே நடமாடத் தொடங்கியிருப்பார். காய்ச்சல், குளிர் நடுக்கம் வரும். நெஞ்சு வலிக்கும், களி உருண்டையை விழுங்கினால் நடுநெஞ்சில் குத்தும். சிலருக்குச் சாப்பிட்டவுடன் வாய் கோணும், கை விழும், வலிப்பு வரும். சிலர் ரத்த வாந்தி எடுப்பார்கள். எல்லோருக்கும் எல்லாமும் வராது. பலருக்குத் தொடக்கத்தில் காய்ச்சல் மட்டுமே இருக்கும், அதுவும் விட்டுவிட்டு.

இங்கே வழக்கமாக நடப்பது என்ன? காய்ச்சலுக்கு டைஃபாய்டு டெஸ்ட், டெங்கு டெஸ்ட், இடுப்பில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. ஊசியில் காய்ச்சல் இறங்கும், தடயம் மறையும். போதாததற்கு, பிளட் தின்னர் சாப்பிடுகிறவருக்குச் சதையில் போடும் ஊசியே உள்ளுக்குள் ரத்தம் கட்ட வைக்கும். விழுங்க வலிக்கிறது என்றால் அல்சர் என்று எண்டோஸ்கோபிக்கு எழுதுவார்கள். இதுதான் மிகப் பெரிய தவறாக முடியும். எண்டோஸ்கோபி செய்யும்போது குழாய்க்குள் காற்றை ஊதி விரிப்பார்கள். துளை இருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் ஏறி, அங்கேயே பெரிய பக்கவாதமோ மரணமோ நேரலாம். வாய்வழி எக்கோவும், மூக்கு வழியாக விடும் ரைல்ஸ் குழாயும் இதே காரணத்தால் கூடாது.

செய்ய வேண்டியது, கான்ட்ராஸ்ட் என்ற, ஸ்கேனில் தெளிவாகத் தெரிய வைக்கும் மருந்து ஏற்றிய நெஞ்சு சி.டி. ஸ்கேன். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே சி.டி. எடுக்கலாம். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று ஸ்கேன் பார்ப்பவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்: இதயத்துக்குள் காற்று, மார்பின் நடுப்பகுதியில் காற்று, மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே கசிவு. முதல் சி.டி. இயல்பாக இருந்தும் அறிகுறி தொடர்ந்தால் சில நாளில் மறுபடி எடுக்க வேண்டும், துளை அப்போதுதான் முழுமையாகியிருக்கும். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். வாயில் வாழும் கிருமிகள் அதில் வளர்ந்தால் சந்தேகம் வலுக்கும். அதுவரை வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. இதயம், நெஞ்சு இரண்டையும் அறுவை செய்யும் குழு உள்ள இடத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். அப்லேஷன் செய்த டாக்டரிடம் போனில் பேசிவிட்டு அனுப்புவது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் இரண்டு நாளில் லேசான காய்ச்சலும், மூச்சை இழுத்தால் கூடும் நெஞ்சுவலியும் பலருக்கு வரும். அது இதய உறையின் எரிச்சல், மூன்று நான்கு நாளில் போய்விடும். ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டுப் புதிதாக வரும் காய்ச்சல் வேறு வகை.

டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் இந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: இந்தத் தேதியில் இடது மேலறை அப்லேஷன் செய்யப்பட்டது, இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்க வலி, நெஞ்சுவலி, பக்கவாதம், ரத்த வாந்தி எது வந்தாலும் முதலில் கான்ட்ராஸ்ட் சி.டி.; எண்டோஸ்கோபி வேண்டாம்; இந்த எண்ணுக்கு அழைக்கவும். மருத்துவமனையின் பொது எண் போதாது. இரவிலும் எடுக்கும் எண் வேண்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டில் இருவர் போனில் வைத்துக்கொள்ளலாம்.

தடுக்க என்ன செய்கிறார்கள்? பின்சுவரில் சக்தியைக் குறைத்தோ, நேரத்தைச் சுருக்கியோ சுடுகிறார்கள். உணவுக்குழாய்க்குள் வெப்பமானி விட்டுப் பார்க்கிறார்கள். பிறகு நாலு முதல் ஆறு வாரத்துக்கு பான்டபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இதை "கேஸ் மாத்திரைதானே" என்று பாதியில் விடுகிறவர்கள் மிக அதிகம். அந்தப் புண் ஆறக் கொடுத்திருப்பது அதுதான்.

மின்துடிப்பு முறை வந்தபின்

பல்ஸ்டு ஃபீல்டு அப்லேஷனுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் அனுமதியை 2023 டிசம்பரில் கொடுத்தது. இந்தியப் பெருநகர மருத்துவமனைகளிலும் இப்போது செய்கிறார்கள். வெப்பம் இல்லாமல், நுண்விநாடி அளவிலான மின்துடிப்பால் செல் சவ்வில் துளையிட்டுக் கொல்வது இது. இதயத் தசை குறைந்த மின்புலத்திலேயே சாகும். உணவுக்குழாயும் நரம்பும் அதைத் தாங்கும். 17,642 நோயாளிகளைப் பார்த்து 2024-இல் வெளியான மேனிஃபெஸ்ட் 17கே ஆய்வில் ஒருவருக்குக்கூட உணவுக்குழாய்த் துளை வரவில்லை, நுரையீரல் சிரைச் சுருக்கமும் வரவில்லை, உதரவிதான நரம்பு நிரந்தரமாகப் போகவும் இல்லை. பெரிய முன்னேற்றம் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அதே ஆய்வில் டாம்போனேட் 0.36, பக்கவாதம் 0.12 சதவீதம் இருந்தது. சவ்வைக் குத்துவதும் தொடையில் குழாய் விடுவதும் எந்த முறையிலும் உண்டு. மின்துடிப்புக் குழாய்கள் தடிமனும் கூட. புதிதாக இரண்டு சிக்கல்களும் சேர்ந்துள்ளன. இதயத் தமனிக்கு அருகே துடிப்பு கொடுத்தால் அது இறுகிச் சுருங்கலாம், நைட்ரோகிளிசரின் கொடுத்துத் தளர்த்துவார்கள். துடிப்புகளின் எண்ணிக்கை கூடினால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவருக்கு இது அதை அடைத்துவிடலாம். சிறுநீரகப் பலவீனத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கூடுதலாக உள்ளவர்கள் இந்த முறைக்குப் போகுமுன் அதைச் சொல்ல வேண்டும். முடிந்தபின் சிறுநீர் நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

மாதங்கள் கழிந்து வருபவை

முதல் இரண்டு மூன்று மாதம் படபடப்பு வந்து போகலாம். சுட்ட திசு வீங்கித் தழும்பாகும் காலம் அது. அதைச் சிக்கல் என்றோ தோல்வி என்றோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து வைப்பது நல்லது.

வயிற்றுக்குப் போகும் நரம்பு அடிபட்டால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு கல்லாகி வாந்தி வரும். பெரும்பாலும் வாரங்களில் தேறும்.

நுரையீரல் சிரையின் வாய் தழும்பால் சுருங்குவது மெதுவாக வரும் சிக்கல். ஆரம்ப காலத்தில் சிரைக்கு உள்ளேயே சுட்டதால் இது நிறைய வந்தது. இப்போது வாய்க்கு வெளியே தள்ளிச் சுடுவதால் மிகவும் குறைந்துவிட்டது. வந்தால் இரண்டாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் இருமல், நடந்தால் மூச்சு வாங்கல், சளியில் ரத்தம். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் நிழல் தெரியும். நம் ஊரில் சளியில் ரத்தமும் எக்ஸ்ரேயில் நிழலும் இருந்தால் காசநோய் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதைச் சோதிப்பதும் சரியே. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி தெரியாமலே ஆறு மாத மருந்தைத் தொடங்குமுன், அப்லேஷன் நடந்ததைச் சொல்லி நுரையீரல் சிரைகளுக்கான சி.டி. எடுக்க வேண்டும். முழுதாக அடைபடுமுன் கண்டால் பலூனாலோ ஸ்டென்டாலோ திறக்க முடியும். அடைபட்டுவிட்டால் கடினம்.

யாருக்கு இந்தக் கணக்கே வேறு?

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் வால்வு நோய் இல்லாதவர்களுடையவை. நம் பக்கத்தில் நாற்பது வயதுக்குள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருகிறவர்களில், சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது வால்வு. அதை விரிக்காமலோ மாற்றாமலோ அப்லேஷன் மட்டும் செய்தால் துடிப்பு சீராக நிற்காது, ஆபத்தை மட்டும் சுமந்ததாகும். உறைவெதிர்ப்பு மாத்திரையும் வேறு: ருமாட்டிக் வால்வு நோயில் புதிய வகை மாத்திரையான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகையே உயிரைக் காத்தது என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் சோதனை காட்டியது. வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அதை ஏற்றி இறக்காமல் சாப்பிட்டால் போதும்.

75 வயதைத் தாண்டியவர்கள், இதயத்தின் பம்ப் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குச் சிக்கல் கூடுதல். ஆனால் பம்ப் பலவீனமானவர்களுக்குத்தான் சிகிச்சையின் பலனும் கூடுதல், 2018-இல் வெளியான கேஸில் ஏ.எஃப். சோதனையில் மரணமே குறைந்தது. ஆகவே ஆபத்து அதிகம் என்பதாலேயே வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. தொந்தரவு எதுவும் தெரியாத, மாத்திரையிலேயே துடிப்பு கட்டுக்குள் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அவசரப்படுவதற்கு ஒன்றுமில்லை.

துடிப்பு சீரானதும் உறைவெதிர்ப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது இங்கே அடிக்கடி நடக்கிறது. சுட்ட இடத்தில் புதுத்தோல் மூடும்வரை குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோரும் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு தொடர்வதா என்பது வயது, சர்க்கரை, பி.பி., முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றைப் பொறுத்தது. ஈ.சி.ஜி. நேராக இருக்கிறதா என்பதைப் பொறுத்ததல்ல. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒருவருக்கு அப்லேஷன் முழு வெற்றி என்றாலும் மாத்திரை தொடரும். பல் பிடுங்கப் போகும்போதும் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போதும் அதை நிறுத்தச் சொன்னால், இதய டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது.